நகர வேண்டியது வீடா, பள்ளிக்கூடமா?

தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் என்று ஒரு கிராமம். போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கேரளம்.

இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டதற்குக் காரணம் ஒரு ஆராய்ச்சிக்கூடம். மலையைக் குடைந்து, ஏறக்குறைய 2 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, அதற்குள் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளை ஆராய வேண்டும் என்று விஞ்ஞானிகள் திட்டம் போட்டார்கள். 2015-ம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய மந்திரிசபை அதற்கு ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். மனுக் கொடுத்தார்கள். வழக்கும் நடந்தது.

வழக்கில் எது பெரிதாகப் பேசப்பட்டது தெரியுமா? நியூட்ரினோ அல்ல. தூரம்! கேரளத்தில் மதிகெட்டான் சோலை என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. திட்டம் வரும் இடத்துக்கும் அந்தப் பூங்காவுக்கும் இடையே 4.9 கிலோ மீட்டர் தூரம்தான் என்று கணக்கு வந்தது. 5 கிலோ மீட்டருக்குள் என்றால் விதி வேறு. அதற்கு வெளியே என்றால் விதி வேறு. 2017-ம் ஆண்டு மார்ச் மாதம் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்ததும், 2022-ல் தமிழக அரசு இந்தத் திட்டத்துக்கு இடம் கொடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டில் சொன்னதும் தனிக் கதை.

நூறு மீட்டர் வித்தியாசம் ஒரு மலையின் தலையெழுத்தில் குறுக்கிட்டது. எல்லைக்கோடு என்றால் அவ்வளவு பலம்.

மலைக்கே இந்தக் கதி என்றால், ஒரு குழந்தையின் படிப்பு எம்மாத்திரம்? எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒரு குழந்தை பிறந்தது என்பதை வைத்தே அது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என்பது பல இடங்களில் முடிவாகி விடுகிறது. உள்ளூரிலும் இது உண்டு. உலகத்திலேயே பணக்கார நாடான அமெரிக்காவிலும் உண்டு. அங்கே இதற்காகவே ஒரு விசித்திரமான மனு இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு மனு

வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். நிலமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வேறு எல்லைக்கு மாறிவிடும்!

அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களுக்கென்றே தனி எல்லை வகுத்திருக்கிறார்கள். அதற்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். நம் ஊரில் கலெக்டர் நிர்வாகம் செய்யும் மாவட்டம் போன்றது அல்ல அது. சில ஊர்கள் சேர்ந்து ஒரு பள்ளி மாவட்டமாக இருக்கும். சில பெரிய நகரங்களில் ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கும். வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, அந்த எல்லையில் உள்ள அரசுப் பள்ளியில்தான் பொதுவாகப் பிள்ளையைச் சேர்க்க முடியும். வீட்டுக்கும் நிலத்துக்கும் கட்டுகிற வரியில் பெரும் பங்கு அந்தப் பள்ளிகளுக்கே போகிறது.

ஆகவே தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்று ஆகிவிடுகிறது. எதிர்வீட்டுப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போகும். இந்த வீட்டுப் பிள்ளை அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் பல மாநிலங்களில் மனுப் போடலாம். தங்கள் நிலத்தை இந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்து பிரித்து, பக்கத்துப் பள்ளி மாவட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் மனு. வரைபடம் வைக்க வேண்டும். கையெழுத்துத் திரட்ட வேண்டும். விசாரணை நடக்கும். நிலம் போனால் வரியும் போகும் அல்லவா? அதனால் இழக்கப் போகிற மாவட்டம் சும்மா இருப்பதில்லை. வக்கீல் வைத்து வாதாடும்.

மனுப் போடுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெற்ற பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வசதியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால், மிஞ்சி நிற்கும் வீடுகளின் கதி என்ன?

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரத்தில் அந்தக் கதியைப் பார்க்கலாம். அந்த ஒரே நகர்ப் பகுதியில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். அலமோ ஹைட்ஸ் என்று இன்னொரு பள்ளி மாவட்டம். எட்ஜ்வுட்டில் ஏழைகள். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். அலமோ ஹைட்ஸில் வசதி படைத்தவர்கள். 1967-68-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வீதம் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். ஏழைக்கு வரி அதிகம்! இருந்தும் அந்த வரியால் எட்ஜ்வுட் பள்ளிகளுக்குப் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். குடிசையின் மதிப்பும் மாளிகையின் மதிப்பும் ஒன்றாகுமா?

எட்ஜ்வுட்டில் ஒரு பள்ளிக் கட்டிடத்தின் மேல்மாடிகள், பிள்ளைகள் உட்கார லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தொழிலாளியும் வேறு சில பெற்றோர்களும் 1968-ல் வழக்குப் போட்டார்கள். தங்களை வேறு எல்லைக்கு மாற்றும்படி அவர்கள் கேட்கவில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

1973-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் ஒரு பக்கம். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் பெற்றோர்கள் தோற்றார்கள். கல்வி என்பது நாட்டின் அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பு கூறியது. பிறகு 1989-ம் ஆண்டு, எட்ஜ்வுட் தொடுத்த வேறொரு வழக்கில், டெக்சாஸ் மாநிலத்து சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பங்கீட்டு முறை மாநிலச் சட்டப்படி செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் முதல் வழக்குப் போட்டபோது சிலேட்டுப் பிடித்த பிள்ளைகள் அதற்குள் பிள்ளை பெற்றவர்களாகி இருப்பார்கள்.

இன்னொரு செய்தி. ஓகையோ மாநிலம், ஆக்ரன் நகரம். ஒரு தாய் தன் தகப்பனார் வீட்டு முகவரியைக் கொடுத்து, இரண்டு பெண்களையும் பக்கத்து எல்லையில் உள்ள பள்ளியில் படிக்க வைத்தாள். பொய் முகவரி கொடுத்த குற்றத்துக்காக 2011-ம் ஆண்டு ஜனவரியில் அவளைச் சிறையில் போட்டார்கள். 9 நாள் சிறையில் இருந்தாள். அதே ஆண்டு கவர்னர் தலையிட்டுக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். பொய் சொன்னது தவறுதான். ஆனால் தாத்தா வீட்டு விலாசம் பேத்திக்கு ஆகாது என்று சொல்லும் கோட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உள்ளூர்க் கணக்கு

இங்கே இதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆசிரியரின் சம்பளம் அந்தந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருவதும் இல்லை. மாநில அரசின் கஜானாவிலிருந்து வருகிறது. பொட்டிப்புரத்து ஆசிரியருக்கும் சென்னை நகரத்து ஆசிரியருக்கும் சம்பள விகிதம் ஒன்றே. இது பெரிய காரியம். இதன் அருமை எட்ஜ்வுட் கதையைக் கேட்டால்தான் தெரியும்.

ஆனாலும் கோடுகள் இல்லாமல் இல்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் இந்த இடம் கேட்கிறவரின் வீடு அந்தப் பள்ளியிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பின்புறம் குடியிருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம். தனியார் பள்ளியே இல்லாத ஊரில் குடியிருக்கும் விவசாயக் கூலிக்கு அந்தச் சலுகை ஏட்டில்தான் இருக்கும். உறவினர் வீட்டு விலாசம் தேடி அலைய வேண்டியதுதான்.

மலை ஊர்களுக்கு வேறு வகைக் கோடு. போடிக்கு மேலே கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது கொழுக்குமலை. தேயிலைத் தோட்டம் உள்ள உயரமான இடம். நிலம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சொந்த மாநிலத்து ஊருக்குப் போக அடுத்த மாநிலத்தில் வண்டி ஏற வேண்டும்! பெரியவர்களுக்கு இது உல்லாசப் பயணம். அங்கே வளரும் பிள்ளைக்கு?

பொட்டிப்புரமும் தாலுகா கணக்கில் உத்தமபாளையத்தைச் சேர்ந்தது. ஊராட்சி ஒன்றியம் என்று பார்த்தால் சின்னமனூர். மலைக்குப் பெயர் போடி மலை. கலெக்டர் இருப்பது தேனியில். அதுவும் 1997-ம் ஆண்டு தேனி தனி மாவட்டம் ஆன பிறகுதான். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டும். மதுரை ரொம்பத் தூரம் என்பதே தனி மாவட்டத்துக்குப் போதுமான காரணம். கோடு மாறியதால் நன்மை வந்ததற்கு இது ஒரு சான்று.

மலைக்கு அப்பால் நின்ற தமிழ்

எல்லையை மாற்றச் சொல்லி மனுப் போடுவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல.

1953-ம் ஆண்டு மத்திய அரசு மாநிலங்களைத் திருத்தி அமைப்பதற்கு ஒரு கமிஷனை நியமித்தது. பசல் அலி தலைவர். எச். என். குன்ஸ்ருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினர்கள். கமிஷனுக்கு வந்து குவிந்த மனுக்களும் மகஜர்களும் 1,52,250. அவர்கள் 38,000 மைல் சுற்றினார்கள். சுமார் 9,000 பேரை நேரில் கண்டு விசாரித்தார்கள். எங்கள் ஊரை எந்த மாநிலத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்பதுதான் அத்தனை மகஜர்களின் கேள்வியும். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. எங்கள் பிள்ளை எந்த மொழியில் அரிச்சுவடி படிக்கும்?

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களை சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியும் அவர் கட்சியினரும் போராடினார்கள். 1954-ல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1955-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் இல்லை என்றது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கோடு கிழிக்கப்பட்டது. கம்பத்துக்கும் போடிக்கும் மேலே தெரியும் மலைகள் கேரளத்தோடு போயின.

அந்த மலைகளில் தேயிலை பறித்தவர்களும் ஏலத் தோட்டத்தில் பாடுபட்டவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக வந்து போகிறவர்கள் என்பது கமிஷன் சொன்ன காரணங்களில் ஒன்று. வந்து போகிறவர்களாம்! லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்திலேயே கண்ணை மூடிய தலைமுறைகள் உண்டு.

அந்தப் பழைய வழக்கை இன்று கிளறுவதில் பயன் இல்லை. அதே 1956-ம் ஆண்டு நடந்த இன்னொரு காரியத்தைத்தான் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டத்தில் 350-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க ஒவ்வொரு மாநிலமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இதன் பொருள் என்ன? ஊரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியாவிட்டால், பள்ளிக்கூடத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போ! தேவிகுளம், பீர்மேடு மலைகளில் இன்றும் தமிழில் பாடம் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் குறைகள் உண்டு. இருந்தாலும் அங்கே 'அ' என்ற எழுத்து உயிரோடு இருக்கிறது.

வடக்கே நடந்தது வேறு விதம். திருத்தணி தாலுகா ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் தெலுங்குப் பள்ளிகளே மிகுதியாக இருந்த காலத்தில், மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் அவரவர் ஊரில் தமிழ் பரப்பினார்கள். பின்னால் ம. பொ. சிவஞானம் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்கு அந்தப் படிப்பு அடித்தளமாயிற்று. எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர், கிராமத்தையே அலகாக எடுத்துக்கொண்டார். தாலுகா மொத்தத்தையும் ஒரே வீச்சில் தள்ளாமல், கிராமம் கிராமமாக எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அது எந்த மாநிலத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது என்று பார்த்தார். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகச் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

மனுப் போட்டும் போராடியும் ஊரையே மாநிலம் விட்டு மாநிலம் நகர்த்திய கதை இது. ஆனால் எத்தனை ஆண்டு பிடித்தது பாருங்கள்! ஒரு குழந்தையின் தொடக்கப் படிப்பு 5 ஆண்டில் முடிந்துவிடும். அது எல்லைக் கமிஷனுக்காகக் காத்திருக்காது.

ஒரு மைல்

கோட்டை நகர்த்தாமல் பள்ளிக்கூடத்தையே நகர்த்தினால் என்ன? தமிழ்நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது.

காமராஜர் 1954-ல் முதல்-மந்திரி ஆனார். தொடக்கப் பள்ளி 1 மைலுக்குள் இருக்க வேண்டும், நடுநிலைப் பள்ளி 3 மைலுக்குள், உயர்நிலைப் பள்ளி 5 மைலுக்குள் என்று அவருடைய ஆட்சியில் குறி வைத்தார்கள். சின்ன ஊர்களுக்கும் பள்ளி வந்தது. 1956-ல் மதிய உணவு வந்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில் நடந்தது. ஊர் மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், கட்டிடம் கட்ட நிலம் கொடுத்தார்கள். நிலத்தைப் பள்ளி எல்லைக்கு மாற்றச் சொல்லி மனுப் போடுவது அமெரிக்கர் வழி. நிலத்தையே பள்ளிக்குக் கொடுத்துவிட்டது தமிழ்நாட்டுக் கிராமத்தான் வழி!

அன்று மைல் கணக்கு. இன்று கிலோ மீட்டர் கணக்கு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகள்படி, 5-ம் வகுப்பு வரை உள்ள பள்ளி 1 கிலோ மீட்டர் நடைதூரத்திலும், 8-ம் வகுப்பு வரை உள்ள பள்ளி 3 கிலோ மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வழியில் வெள்ளம், மண்சரிவு, சாலை இல்லாமை போன்ற ஆபத்து இருந்தால் அந்தத் தூரத்தையும் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. பள்ளியே வைக்க முடியாத சிறு குடியிருப்பாக இருந்தால், பிள்ளைகளை இலவசமாக வண்டியில் அழைத்துப் போக வேண்டும். அல்லது தங்கிப் படிக்க வசதி செய்ய வேண்டும். மலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வண்டிச் செலவும், துணைக்குப் போகிறவருக்கான செலவும் கொடுக்க அரசின் திட்டத்தில் இடம் இருக்கிறது. பல பெற்றோர்களுக்கு இது தெரிவதில்லை. தெரியாததைக் கேட்பது எப்படி?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுப் பள்ளிக்கு அமெரிக்காவில் உள்ளது போன்ற வேலி இங்கே கிடையாது. ஒரு பள்ளியை விட்டு வேறு அரசுப் பள்ளிக்கு மாறப் பிள்ளைக்கு உரிமை உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் உண்டு. சட்டத்தின் 5-ம் பிரிவு இதைச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே கொடுக்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதம் ஆகிறது என்று புதிய பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

போகிறவர் யார்? இருப்பவர் யார்?

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் கதவு வழியாகப் போகிறவர்கள் யார்?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் பிள்ளையைப் பக்கத்து நகரத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். வேன் கட்டணம் கட்ட முடிந்தவர் வேனில் அனுப்புவார். இன்னும் கொஞ்சம் வசதி உள்ளவர் தேனியிலோ சின்னமனூரிலோ வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோவார். சிலர் காட்டை விற்றுவிட்டே போய்விடுகிறார்கள். விடிவதற்கு முன் ஏலத் தோட்டத்து ஜீப்பில் ஏறி, பொழுது சாய்ந்து திரும்பும் தாயின் பிள்ளை எங்கே போகும்? ஊர்ப் பள்ளிக்குத்தான் போகும். அந்தப் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிதான் எல்லாம். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் அருமை அந்தத் தாய்க்குத் தெரியும்.

வசதி உள்ளவர்கள் போகப் போக, பள்ளியின் எண்ணிக்கை குறையும். கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள் என்பது சட்டம் வகுத்த அளவு. பிள்ளைகள் குறைந்தால் அதற்கு மேல் உள்ள ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். பணி நிரவல் என்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 5 வகுப்புக்கு 2 ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவர் 5 வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். படிப்பு சரியில்லை என்று இன்னும் 4 பேர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். எண்ணிக்கை இன்னும் குறையும். கடைசியில் பள்ளி இருக்கும், பிள்ளை இருக்காது. 2019-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவு செய்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போன ஊரில் அதில் உட்கார்ந்து படிப்பதற்கு யார் வளருவார்கள்?

எட்ஜ்வுட்டில் கோடு வரிப் பணத்தைப் பிரித்தது. இங்கே வேன் கட்டணம் பிள்ளைகளைப் பிரிக்கிறது. கடைசியில் தேங்கி நிற்பவன் இரண்டு இடத்திலும் ஒருவனே.

தனித்தனியாகப் போகிறவர்கள் மேல் கோபித்துப் பயன் இல்லை. ஊர்ப் பள்ளி நன்றாக இருந்தால் யாரும் வேனுக்குப் பணம் கட்ட மாட்டார்கள். ஆகவே போட வேண்டிய மனு ஒன்று இருக்கிறது. அது தனி மனு அல்ல, பொது மனு. வீட்டை மாற்றச் சொல்லும் மனு அல்ல, பள்ளியைச் சரி செய்யச் சொல்லும் மனு. நியூட்ரினோ வேண்டாம் என்று கூடி மனுப் போட்ட ஊருக்கு, பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று கூடி மனுப் போடவும் தெரியும்.

அரசும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்ய வேண்டும். பிள்ளைகளைத் தலை எண்ணி ஆசிரியரைக் கொடுக்கும் கணக்கு நகரத்துக்குப் பொருந்தும். மலை அடிவாரத்துக்கும் தோட்டத்துக்கும் அது பொருந்தாது. அடுத்த பள்ளி எத்தனை கிலோ மீட்டரில் இருக்கிறது, வழியில் காடா, ஓடையா, பஸ் உண்டா என்று பார்த்து ஆசிரியரைக் கொடுக்க வேண்டும். பூங்கா 4.9 கிலோ மீட்டரா, 5 கிலோ மீட்டரா என்று அவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த நாட்டில், ஒரு சிறுமி நடக்கும் தூரத்தை அளக்க ஆள் கிடைக்காதா?

யாரிடம் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இது சட்டம். குழு கூடும்போது போய் உட்கார வேண்டும். ஆசிரியர் இல்லை, கழிப்பறை இல்லை, பஸ் நேரம் சரியில்லை என்று என்ன குறை இருந்தாலும் அதைத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு 6 தடவை கூடுகிறது. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அதே குறையை அங்கேயும் தீர்மானமாக்கலாம். தொடக்கப் பள்ளி விஷயம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்க வேண்டும். பொட்டிப்புரத்துக்காரர் அதற்குச் சின்னமனூர் போக வேண்டும். அங்கே நடக்காவிட்டால் திங்கட்கிழமை தேனியில் கலெக்டர் மனு வாங்குகிறார்.

ஒரு குடியிருப்பை வேறு ஊராட்சியிலோ வேறு தாலுகாவிலோ சேர்க்க வேண்டும் என்றாலும் அதே கலெக்டரிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அரசாணை வேண்டும், நாள் பிடிக்கும். பிள்ளை படிப்புக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வண்டி வசதி கேட்டாலே போதும், ஆசிரியர் கேட்டாலே போதும்.

மனு எழுத வெள்ளைத்தாள் போதும். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், அடுத்த பள்ளி எவ்வளவு தூரம் என்ற மூன்று கணக்கையும் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். தீர்மானத்தின் நகல் ஒன்றை இணைக்க வேண்டும். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைத்தாலும் அந்த மனு செல்லும்.